சாரல் முடிந்து ஆர்மோனியப் பெட்டியைத் திறக்கும் முன்

செங்கோட்டைப் பக்கம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை சாரல் அடிக்கும், அது முடிந்ததும், அந்த மூன்று மாதமும் மூலையில் கிடந்த ஆர்மோனியத்தையோ ஸ்பீக்கர் பெட்டியையோ கூடத்தில் வைத்துத் திறக்காதீர்கள். முற்றத்துக்குத் தூக்கிப் போய், நாலு பக்கமும் தட்டி, கொஞ்சம் பொறுத்து, டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கையை விட வேண்டும்.

போன வருஷம் எங்கள் பஜனை ஆர்மோனியத்தின் துருத்தி மடிப்புக்குள் விரல் நீளத்துக்கு ஒரு பூரான், வெளிச்சம் பட்டதும் மடிப்போடு மடிப்பாக ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே கரப்பான் முட்டைக் கூடுகள், புளியங்கொட்டை நிறத்தில், உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசாய். கரப்பானைத் தின்னத்தான் பூரான் வருகிறது, அதனால் முதலில் கரப்பானை ஒழியுங்கள். சுத்தம் செய்யும்வரை துருத்தியை அடிக்கவே கூடாது, தூசியும் பூச்சிக் காலும் ரீடில், அதாவது சுரம் எழுப்பும் மெல்லிய தகட்டில், சிக்கினால் சுரம் பேசாது.

ஸ்பீக்கரில் காற்றுத் துளைதான் பல்லிக்கும் தேளுக்கும் வாசல். கொசுவலைத் துணியைச் சுருட்டி அடைத்து வையுங்கள், வாசிக்கும் முன் எடுத்துவிடலாம். அப்புறம், ஆம்ப்ளிஃபயர் மேல் பல்லி எச்சம் தெரிந்தால் கரண்ட் கொடுக்க வேண்டாம், நீங்களாகத் திறக்கவும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும், மெக்கானிக்கிடம் கொடுங்கள். பாம்புச் சட்டை கண்ணில் பட்டால் எதையும் தொடாமல் விலகி நின்று தீயணைப்புத் துறையின் 101-க்கு போன் போடுங்கள்.