டேப்லட்டின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்: டிஜிட்டல் ஓவியர்கள் செய்யும் தவறுகள்

கோடு நடுங்குகிறது என்று யாரிடமாவது சொன்னால் முதலில் வரும் கேள்வி, "என்ன டேப்லட்?" என்பதுதான். கொம்பியூட்டரோடு இணைத்துப் பேனாவால் வரையும் பலகையைத்தான் இங்கே டேப்லட் என்கிறோம். ஹூயன், எக்ஸ்பி-பென் என்று விலை குறைந்த பிராண்ட் ஒன்றைச் சொல்லிவிட்டால், "அதுதானே, வேக்கம் ஒன்றை வாங்குங்கோ" என்பதோடு கதை முடிந்துவிடும். செட்டிங்கைத் திறந்து பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

இந்த எண்ணத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1983இல் ஜப்பானில் தொடங்கிய வேக்கம், பற்றரி இல்லாத பேனாவால் பெயர் எடுத்த கொம்பனி. மற்றவர்களின் பழைய மொடல்களில் பேனாவுக்குப் பற்றரி போடவோ சார்ஜ் ஏற்றவோ வேண்டியிருந்தது. இப்போது விலை குறைந்தவற்றிலும் பற்றரி இல்லாத பேனா சாதாரணம். கருவி மாறிவிட்டது, பேச்சு மட்டும் பழையபடியே ஓடுகிறது.

பிராண்டை விட்டவர்கள் அடுத்து விழுவது பெட்டியில் அச்சடித்த எண்ணில். பேனாவை அழுத்துவதை எத்தனை படிகளாகப் பிரித்தறியும் என்ற அழுத்த அளவு 8192 என்று ஒன்றில் இருக்கும், 16384 என்று இன்னொன்றில் இருக்கும். இந்த வித்தியாசத்தைக் கை உணராது. பேனா எவ்வளவு மெல்லிய தொடுகையில் கோடு போடத் தொடங்குகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவின் கொம்பியூட்டர் கடைகள் பக்கம் வாங்கப் போனால், கடையில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கை நடுக்கத்தைத் தானாகச் சீராக்கும் ஸ்டெபிலைசரை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் அடிமட்டத்தைச் சாய்வாக வைத்து மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். அலை அலையாக வந்தால் அது கருவியின் குறை, பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும். பிறகு இறகால் தடவுவதுபோல் ஒரு கோடு. அது இடையில் அறுந்து அறுந்து வந்தால், அழுத்த வளைவை, அதாவது எவ்வளவு அழுத்தினால் கோடு எப்படி வரும் என்ற செட்டிங்கை, மாற்றச் சொல்லி இன்னொருமுறை பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு "மலிவுச் சாமான்" என்ற திட்டை வாங்கித் தருவது பெரும்பாலும் அளவுப் பொருத்தம்தான். 10 அங்குல அகலமும் 6.25 அங்குல உயரமும் உள்ள டேப்லட்டின் விகிதம் 16:10. உங்கள் திரை 1920 × 1080 என்றால் அது 16:9. முழு டேப்லட்டையும் முழுத் திரைக்கும் பொருத்திவிட்டால், அகலவாக்கில் ஓர் அங்குலத்துக்கு 192 பிக்செல், உயரவாக்கில் 172.8 பிக்செல். வரைகிற வட்டமெல்லாம் 11 சதவீதம் அகன்று முட்டையாகிவிடும். முகம் வரைபவர் மாதக்கணக்கில் தன் கையைத்தான் நொந்துகொள்வார். டேப்லட்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் விகிதத்தைப் பூட்டும் தெரிவைப் போடுங்கள், அல்லது பயன்படுத்தும் உயரத்தை 5.625 அங்குலமாகக் குறையுங்கள். இரண்டு மொனிட்டர் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் பொருத்துங்கள். விலை கூடிய டேப்லட்டிலும் இதே கணக்குத்தான்.

கோடு தொடங்கும்போது சின்ன வளையம் தோன்றி ஒரு கணம் தாமதித்தால், அது விண்டோஸின் வேலை. பேனாவை அழுத்திப் பிடித்தால் வலது கிளிக் ஆகும் வசதியை நிறுத்திவிடுங்கள். அழுத்தமே வேலை செய்யவில்லையா? பழைய டேப்லட்டின் டிரைவர் இன்னும் கொம்பியூட்டரில் கிடக்கலாம். பழையதையும் இப்போதையதையும் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, புதியதை மட்டும் போடுங்கள். இலவச ஓவிய மென்பொருளான கிரிட்டாவில், பேனாவின் அழுத்தத்தைப் படிக்க டேப்லட் செட்டிங்கில் வின்டேப், விண்டோஸ் இங்க் என்று இரு வழி உண்டு. ஒன்று சரிவராவிட்டால் மற்றதற்கு மாற்றி, கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும்.

பெயருக்காகவே பழைய வேக்கமைத் தேடி இக்மன் விளம்பரத் தளத்தில் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். பழைய மொடல்களுக்குப் புதிய டிரைவர்களில் ஆதரவு நின்றுவிடும். காசு கொடுக்குமுன் மொடல் எண்ணை வைத்து, உங்கள் விண்டோஸுக்கோ மெக்குக்கோ டிரைவர் உண்டா என்று பாருங்கள். கேபிள் செருகும் வாய் ஆடுகிறதா என்பதையும், அந்த மொடலுக்கான பேனா இன்னும் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரே கொம்பனியின் பேனாகூட எல்லா மொடலுக்கும் பொருந்தாது.

மென்பொருளில் பெருமை இன்னும் வேடிக்கையானது. கிரிட்டாவைப் பார்த்துச் சிரிப்பவரின் போட்டோஷொப் பல வேளைகளில் கிராக் பிரதி. அதோடு வைரஸ் வந்தால் போவது படங்கள்.

அச்சில் நிறம் மங்கினாலும் பழி மென்பொருள்மேல்தான். ஆடிவேல் திருவிழா பனருக்கு மயில் கழுத்து நிறம் திரையில் பளபளக்கும், அச்சில் சோர்ந்துவிடும். அந்த நிறத்தை அச்சின் நான்கு நிற சிஎம்வைகே மையால் எட்ட முடியாது, எந்த மென்பொருளில் வரைந்தாலும். கிரிட்டாவிலும் போட்டோஷொப்பிலும் ஒரே சாவிதான்: கன்ட்ரோலும் வையும் அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்று காட்டும். ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் எட்டாத நிறங்களை அடையாளமிடும். வரையத் தொடங்குமுன் அச்சகத்தில் அவர்களுடைய அச்சில் எந்த நிறங்கள் வரும் என்று சொல்லும் நிறப் புரொபைல் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

அளவிலும் வீண் பெருமை வேண்டாம். கையில் பிடித்துப் பார்க்கும் ஏ4 தாளுக்கு அங்குலத்துக்கு 300 பிக்செல், அதாவது 2480 × 3508. தூரத்திலிருந்து பார்க்கும் 10க்கு 4 அடி பனருக்கு 72 பிக்செலே போதும். 8640 × 3456 வரும். அதையும் 300இல் திறந்து, கொம்பியூட்டர் திணறும்போது புது மெஷின் வாங்க ஓடுபவர்கள் இருக்கிறார்கள். ஐபேடில் புரோகிரியேட் என்ற ஓவிய ஆப் வைத்திருப்பவர்களுக்கு, கன்வஸ் பெருக்கப் பெருக்க, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையும் லேயர்களின் எண்ணிக்கை சுருங்கும்.

எதிர்ப்பக்கப் பிடிவாதமும் உண்டு: இலவசம் தவிர எதையும் தொடமாட்டேன் என்பது. கிரிட்டா போட்டோஷொப்பின் பிஎஸ்டி ஃபைலைத் திறக்கும், சேமிக்கும். ஆனால் மூலப்படத்தைக் கெடாமல் உள்ளே வைத்திருக்கும் ஸ்மார்ட் ஒப்ஜெக்ட் போன்றவை அப்படியே தப்பி வராது. விளம்பர நிறுவனம் திருத்தக்கூடிய போட்டோஷொப் ஃபைலையே கேட்டால், அந்த வேலைக்கு ஒரு மாதச் சந்தாவைக் கட்டி, அந்தத் தொகையையும் பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள்.