யாழ்ப்பாணத்தில் வீட்டு முற்றத்தில் ஓர் இலகு ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி

1957இல் கொலின் சப்மன் லோட்டஸ் செவன் காரை வெளியிட்டபோது, விரும்பியவர்கள் அதனைப் பகுதிகளாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ள இடம் வைத்திருந்தார். அப்படி வாங்கினால் அக்காலத்து இங்கிலாந்தின் கொள்வனவு வரி கட்டவேண்டியதில்லை. கதவு இல்லை, கூரை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை, நிறை ஏறத்தாழ 500 கிலோ. 1973இல் அதன் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறிய பின்னரும் அதே வடிவம் இன்றுவரை கட்டப்பட்டு வருகிறது. சதுரக் குழாய்களை வெல்டிங்கில் ஒட்டிச் செய்த ஒரு கூடு, ஒரு பழைய காரின் எஞ்சின், அதே காரின் பின்னச்சு ஆகிய மூன்றும் இருந்தால் இந்த வகைக் கார் உருவாகிவிடும் என்பதே அது உலகெங்கும் வீட்டு முற்றங்களுக்குள் நுழைந்ததற்குக் காரணம்.

வெளிநாட்டிலிருந்து பகுதிகளாகப் பெட்டியில் வரும் கிட்டை இங்கே இறக்குவதற்கு நான் எவருக்கும் ஆலோசனை சொல்லமாட்டேன். கப்பல் கூலியும் சுங்க வரியும் காரின் விலையையே விழுங்கிவிடும். நம்மிடம் கேற்றும் கிறிலும் ஒட்டும் பட்டறைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, லேத் இருக்கிறது, கரையோரத்தில் பைபர் படகு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெற்றோல் வராத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டிய மெக்கானிக்குகளின் வழிவந்தவர்களும் இருக்கிறார்கள். கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் கேற் ஒட்டும் வேலையில் ஐந்து மில்லிமீற்றர் பிசகினால் கீலைத் தட்டிச் சரிசெய்துவிடலாம், கார்க் கூட்டில் அது முடியாது. ஆகவே அளவு பார்க்கும் பொறுப்பைப் பட்டறையிடம் விடாமல் கட்டுபவரே கையில் வைத்திருக்க வேண்டும்.

இரும்பு வாங்குவதற்கு முன்னர் கடதாசி வேலையை முடித்துவிடுங்கள். நாட்டில் ஒரு வாகனத்தின் அடையாளம் அதன் பதிவுப் புத்தகமும் சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமுமே. பழைய காரை வெட்டிப் புதிய கூட்டில் ஏற்றும்போது அந்த அடையாளம் என்னவாகும் என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்ற பிறகே முதல் வெட்டை வெட்ட வேண்டும். இலக்கம் பொறித்த தகட்டை வெட்டி வேறொன்றில் ஒட்டலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் மேற்கொண்டு ஆலோசனை கேட்க வேண்டாம். பதிவும் காப்புறுதியும் புகைப் பரிசோதனையும் இல்லாத வண்டி தனியார் காணிக்குள் மட்டும் ஓடும் வண்டிதான். அதுவே போதும் என்று கட்டுபவர்களும் உண்டு.

எஞ்சினையும் பின்னச்சையும் தானம் தரும் தாய்க் கார் பின்சில்லு இழுப்பதாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னும் அகப்படுபவற்றில் ரொயோட்டா கொரொல்லா கே.ஈ. 70 செடானும் டட்சன் சனி பி 310உம் பொருத்தமானவை. இரண்டிலும் பின்னச்சு நான்கு கைகளாலும் சுருள் வில்லாலும் பிடிக்கப்பட்டிருப்பதால், அந்த அமைப்பை அப்படியே புதிய கூட்டுக்கு எடுத்துச் செல்லலாம். கொரொல்லாவின் 4 கே எஞ்சின் 1290 சி.சி., ஏறத்தாழ 60 குதிரைவலு. இது போதுமா என்று கேட்பவர்கள் நிறையை மறந்துவிடுகிறார்கள். தாய்க் கார் 850 கிலோ என்றால் தொன்னுக்கு 70 குதிரைவலு. அதே எஞ்சின் 550 கிலோக் காரில் இருந்தால் 109. எஞ்சினைக் கடைந்து பெரிதாக்கும் செலவை விட ஒவ்வொரு கிலோவாகக் குறைப்பது மலிவு. கழற்றுவதற்கு முன் காரை நன்றாக ஓட்டிப் பார்த்து, கியர் நழுவுகிறதா, பின்னச்சு ஊளையிடுகிறதா என்று அறிந்துகொள்ளுங்கள். கழற்றும்போது ஒவ்வொரு வயருக்கும் சீட்டுக் கட்டிப் படமும் எடுத்து வையுங்கள்.

கூட்டுக்கு 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. தடிப்பு. கடையில் பொக்ஸ் பார் என்று கேட்டால் 20 அடி நீளத்தில் தருவார்கள். ஒரு மீற்றர் ஏறத்தாழ 1.2 கிலோ என்பதால் ஒரு முழு நீளம் 7 கிலோவுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். தராசில் வைத்துப் பாருங்கள், மெல்லிய தடிப்பைத் தடித்தது என்று தந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நாகம் (சிங்க்) பூசிய குழாயைத் தவிர்த்துக் கறுப்புக் குழாயை வாங்குவது நல்லது. வேறு வழி இல்லையென்றால், ஒட்டும் இடத்தில் பூச்சை முழுதாக உரசி எடுத்துவிட வேண்டும், ஏனெனில் அது எரியும் புகை காய்ச்சலும் குளிரும் தரும்.

வேலை மேசையில் தொடங்குகிறது. முற்றத்துச் சீமெந்துத் தளம் கண்ணுக்குச் சமமாகத் தெரியும், ஆனால் நீர் நிரப்பிய ரியூப்பைப் பிடித்துப் பார்த்தால் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று புலப்படும். ஆகவே பொக்ஸ் பாரில் கால் வைத்த ஒரு மேசை செய்து, மேலே 18 மி.மீ. ஒட்டுப்பலகை அறைந்து, நான்கு மூலையையும் மட்டம் பார்த்து ஆப்பு வைத்து நிறுத்துங்கள். பலகையின் நடுவில் ஒரு கோடு கீறி, கூட்டின் அடித்தளத்தை முழு அளவில் வரைந்து, கோடுகளின் இரு பக்கமும் மரக்கட்டைகளைத் திருகாணியால் இறுக்கிவிட்டால் குழாய்கள் அவற்றுக்கிடையில் அசையாமல் கிடக்கும்.

கூடு ஏன் இத்தனை சாய்வுக் குழாய்களோடு இருக்கிறது என்பதைக் கையால் உணரவேண்டுமானால், நான்கு ஈர்க்குகளை மூலைகளில் நூலால் கட்டிச் சதுரமாக்கி ஒரு மூலையை அழுத்திப் பாருங்கள், சரிந்து படுத்துவிடும். குறுக்கே ஐந்தாவது ஈர்க்கைக் கட்டினால் அசைய மறுக்கும். கூட்டின் ஒவ்வொரு சதுர அறையும் இப்படி முக்கோணமாக்கப்பட வேண்டும். எஞ்சின் இறங்கும் மேல்வாயும் ஆட்கள் அமரும் மேல்வாயும் விதிவிலக்கு, அவற்றின் பலவீனத்தைப் பக்கங்களும் முன் தகடும் சேர்ந்து சுமக்கும்.

குழாய்களை வெட்டிப் பொருத்தும்போது இடைவெளி 1 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. இடைவெளியை ஒட்டால் நிரப்பலாம் என்பது கேற் பட்டறையின் பழக்கம். 1.6 மி.மீ. குழாயில் சாதாரண ஆர்க் கம்பி எளிதில் ஓட்டை போட்டுவிடுவதால், 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பி ஓடும் மிக் வெல்டிங்தான் உகந்தது. அதில் ஒரு சிக்கல் உண்டு: மிக்கின் காப்பு வாயுவைச் சோளகம் அள்ளிக்கொண்டு போய்விடும், ஒட்டு பஞ்சு போல் துளை விழுந்து நிற்கும். காற்றுக்கு எதிரே தறப்பாள் கட்டுங்கள், அல்லது காற்று விழுந்த நேரத்தில் ஒட்டுங்கள். முதலில் துண்டுக் குழாய்களை ஆங்கில T எழுத்து வடிவில் ஒட்டி, குறட்டில் பிடித்துச் சுத்தியலால் அடித்து வளையுங்கள். குழாய் கிழிய வேண்டும், ஒட்டு விடக்கூடாது. பிறகு இன்னொரு துண்டை ஒட்டின் குறுக்கே வாளால் அறுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். இரு உலோகமும் உருகிக் கலந்த இடத்தில் கோடு தெரியாது, மேலே மட்டும் ஏறி உட்கார்ந்த ஒட்டில் கறுப்புக் கோடு ஒன்று தெளிவாகக் கிடக்கும். அந்தக் கோடு மறையும்வரை கார்க் கூட்டில் கை வைக்க வேண்டாம்.

எல்லாக் குழாய்களையும் முதலில் புள்ளி புள்ளியாக மட்டும் பிடித்து, முழுக் கூடும் எழுந்து நின்ற பின் மூலைவிட்டங்களை அளவுநாடாவால் பாருங்கள். வலதும் இடதும் 2 மி.மீ.க்குள் ஒத்துவந்தால்தான் முழு ஒட்டுக்குப் போகலாம். ஒரு மூலையை முடித்தால் அடுத்ததாக அதற்கு எதிர் மூலைக்குப் போக வேண்டும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து ஒட்டினால் சூட்டில் கூடு வில் போல் வளைந்துவிடும்.

முன் சஸ்பென்ஷன் தொடங்கும் இடத்தில் அனுமானத்துக்கு இடமில்லை. முன்சில்லைக் கூட்டோடு இணைக்கும் மேல், கீழ் இரட்டைக் கைகளுக்குத் தண்ணீர்க் குழாயைப் பயன்படுத்தாமல், தையல் இல்லாத உருக்குக் குழாயை எடுங்கள். தாய்க் காரின் முன் தூண் மேல்முனையில் வெட்டப்பட்டு, லேத்தில் கடைந்த ஒரு துண்டால் மேல் போல் ஜொயின்ற்றை (உருண்டை மூட்டை) ஏற்க வேண்டியிருக்கும். அந்த ஒரு துண்டை, பிறேக் பிடிக்கும்போது அது தாங்கும் சுமை தெரிந்த ஒருவரிடமே கொடுங்கள். முன்சில்லுகளைத் திருப்பும் ஸ்ரியறிங் ராக் வேறு சிறிய காரிலிருந்து வருமானால், அது முன் அச்சுக்குப் பின்னால் இருக்க வடிவமைத்ததா, முன்னால் இருக்க வடிவமைத்ததா என்று பார்த்துவிடுங்கள். பின்னால் இருக்க வேண்டியதை முன்னே பூட்டி, முன் நோக்கிய ஸ்ரியறிங் கைகளில் இணைத்தால், வலப்பக்கம் திருப்பும் வண்டி இடப்பக்கம் போகும். ராக்கின் உள் மூட்டுகள் சஸ்பென்ஷனின் மேல், கீழ்க் கைகளின் உள் மூட்டுகளைச் சேர்க்கும் கோட்டிலேயே விழ வேண்டும். விலகினால் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானாகத் திரும்பும், எங்கள் ஒழுங்கைகளில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை. அதே ஒழுங்கைகளுக்காக எஞ்சினின் ஒயில் தட்டுக்குக் கீழே 130 மி.மீ.யாவது விட்டுவையுங்கள்.

பிறேக்குக்கு இரட்டைச் சுற்று மாஸ்ரர் சிலிண்டர், புதிய ரியூப், புதிய றப்பர், டொட் 4 எண்ணெய். காரின் நிறையும் அது முன்னும் பின்னும் பங்கிடப்படும் விதமும் மாறிவிட்டதால் பின்சில்லு முன்னதை விட முந்திப் பூட்டிக்கொள்ளக்கூடும், எனவே பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று இருப்பது நல்லது. எஞ்சினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை நீளம் குறைத்து ஒட்டியதோடு நிறுத்தாமல் சமநிலை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றவேண்டும், அது கழன்றால் நிலத்தில் விழாமல் தாங்க உருக்கு வளையம் ஒன்றும் வேண்டும். பாவித்த பெற்றோல் தாங்கியை ஒட்டவே கூடாது.

மூக்கையும் மட்காட்டுகளையும் பைபரில் செய்வதற்குக் குருநகர்ப் பக்கமோ காரைநகர்ப் பக்கமோ படகு கட்டும் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். சதுர மீற்றருக்கு 450 கிராம் நிறையுள்ள கண்ணாடி இழைப் பாய் இரண்டு அடுக்கு போதும், படகுக்குப் போடும் தடிப்பு இதற்குத் தேவையில்லை என்று அவரிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் வெயிலில் ரெசின் சட்டியிலேயே இறுகிவிடும், அதனால் விடியற்காலையில் சிறு சிறு அளவாகக் கலந்து பூசுங்கள். கடினப்படுத்தியையும் கோபால்ற் துரிதப்படுத்தியையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக்கூடாது, வெடிக்கும். பைபர் மின்சாரம் கடத்தாது, ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர் இழுக்க வேண்டும்.

உப்புக் காற்றில், கூட்டை மூடும் அலுமினியத் தகடு உருக்கைத் தொட்ட இடமெல்லாம் அரிக்கும். இரண்டுக்கும் இடையில் சீலன்ற் பூசி றிவெற் அடியுங்கள். குழாய்களின் திறந்த வாய்களை அடைத்துவிட்டு, எபொக்சிப் பிறைமர் பூசுங்கள். றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கேத்தலின் அடியில் படியும் அதே வெண்சுண்ணாம்பு, எஞ்சினின் குறுகிய வழிகளை அடைத்துவிடும். கூலன்றும் வடித்த நீரும் மட்டும் ஊற்றி, மின்விசிறி ஒன்றும் பூட்டுங்கள்.

கார் சில்லில் நின்றதும் நான்கு மூலை நிறையும் பார்க்க வேண்டும். சுன்னாகம் சந்தையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு போன்ற ஒன்று கிடைத்தால் போதும். மற்ற மூன்று சில்லுக்கும் தராசின் உயரத்துக்கே பலகை வைத்து, சாரதி ஆசனத்தில் சாரதியின் நிறைக்கு அரிசி மூட்டை வைத்து, ஒவ்வொரு சில்லாக நிறுத்து வில்லின் உயரத்தைத் திருத்துங்கள். ரயர்க் காற்றைத் தாய்க் காரின் அளவுக்கு அடித்தால் வண்டி தவளை போல் துள்ளும், 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை வைத்துத் தொடங்குங்கள். முதல் ஓட்டம் தனியார் காணியில், இரண்டாம் கியருக்கு மேல் போகாமல், அடிக்கடி நிறுத்தி ஒவ்வொரு நட்டையும் ஸ்பனரால் தொட்டுப் பார்த்து நடக்க வேண்டும். இறுக்கிய நட்டில் வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடு இட்டு வைத்திருந்தால், எது அசைந்தது என்று பார்த்தவுடனே தெரியும்.