புல்தரைக்கு விதை எப்போ தூவலாம்? காலண்டரை விடுங்க, மண்ணுச் சூட்டைப் பாருங்க

எந்த மாசம் விதை போடலாம்னுதான் எல்லாரும் முதல்ல கேக்குறாங்க, ஆனா மாசத்தை வெச்சு இதுக்கு பதில் சொல்ல முடியாது, ஊருக்கு ஊரு மாறும், ஒரே ஊர்லயே வருஷத்துக்கு வருஷம் மாறும். பெர்முடான்னு விக்கிற அருகம்புல், சாய்சியா, சென்டிபீட், பஹியா இதெல்லாம் சூட்டுல வளர்ற புல்லு. மண்ணு சூடாகலன்னா நீங்க எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் விதை அசையாது.

அளந்து பாக்குறது ஈஸிதான். குத்திப் பாக்குற தெர்மாமீட்டர் ஒண்ணு போதும், நாலு விரக்கடை ஆழத்துல இறக்கி, காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பாருங்க. மத்தியானம் பாத்தா ஏமாந்துடுவீங்க, அப்போ மேல்மண்ணு நல்லா சுடும், ராத்திரி சர்ருனு இறங்கிடும். காலை ரீடிங் 18 டிகிரி செல்சியஸுக்கு கீழ போகாம தொடர்ந்து நாலஞ்சு நாள் நின்னா விதைக்கலாம், 20 தாண்டிட்டா இன்னும் நிம்மதி. சுவரோரம், மரநிழல்னு ரெண்டு மூணு இடத்துல குத்திப் பாருங்க, ஒரே தோட்டத்துலயே வித்தியாசம் தெரியும்.

நடுவுல ரெண்டு நாள் வெயில் அடிச்சதும் அவசரப்பட்டு தூவிடுறது ரொம்ப பேர் பண்றது. குளிர்ந்த மண்ணுல விதை சும்மா கிடக்கும், எறும்பு தூக்கும், குருவி பொறுக்கும், மிச்சம் அழுகும், அதுக்குள்ள களை முந்திக்கும். சரியான சூட்டுல தோல் நீக்கின பெர்முடா விதை 7லிருந்து 14 நாள்ல தலை காட்டிடும், தோலோட இருக்குறது இன்னும் லேட், சாய்சியாவுக்கு 2, 3 வாரம் ஆகும், சென்டிபீடும் பஹியாவும் ஒரு மாசம் கூட இழுக்கும். அதனால பத்தாம் நாள் ஒண்ணும் காணோம்னு கிளறிடாதீங்க.

லேட்டா போடுறதுலயும் ஆபத்து இருக்கு. உறைபனி விழுற ஊர்னா முதல் பனிக்கு முன்னாடி குறைஞ்சது 90 நாளாவது கையில இருக்கணும்னு நான் சொல்வேன், 60 நாள் போதும்னு சொல்றவங்களும் உண்டு, ஆனா சாய்சியா மாதிரி மெதுவா வளர்றதுக்கு அது பத்தவே பத்தாது. வேர் இறங்கி, கொடி ஓடி, கொஞ்சம் சத்து சேத்து வெச்ச புல்லுதான் குளிரைத் தாண்டி மறுபடி துளிர்க்கும், இளம்புல்லு அப்படியே போயிடும்.

பனியே இல்லாத ஊர்ல வேற கணக்கு. அங்க சூடு பிரச்சனை இல்ல, மழைதான். பெர்முடா விதை ஒரு கிலோவுக்கு சுமார் 40 லட்சம் இருக்கும்னா எவ்ளோ பொடின்னு பாத்துக்கோங்க, ஒரு பேய்மழை போதும், மேட்டுல தூவுனது எல்லாம் பள்ளத்துல போய் கூடிக்கும். அதனால கனமழை காலத்துக்கு முன்னாடியே வேர் பிடிக்கிற மாதிரி போடுங்க, இல்லன்னா மழை ஓய்ஞ்சப்புறம் போடுங்க. கடும் கோடைல போடலாமான்னா போடலாம், ஆனா முதல் ரெண்டு மூணு வாரம் மேல்மண்ணு காயாம தினமும் ரெண்டு மூணு தடவை லேசா தண்ணி தெளிக்கணும், அந்த நேரத்துல ஊருக்குப் போற பிளான் இருந்தா தள்ளிப் போடுங்க.

களை முளைக்காம தடுக்குற மருந்து சமீபத்துல அடிச்சிருந்தா லேபிள்ல எத்தனை வாரம் கழிச்சு விதைக்கலாம்னு போட்டிருக்கும், அதைப் படிங்க, அது களை விதை புல் விதைன்னு ஆள் பாத்து விடாது.

சீசன் தாண்டிப் போச்சா, அடுத்த வருஷத்துக்கு விதையை காத்தோட்டமா, ஈரம் படாம எடுத்து வைங்க. அதுவரைக்கும் வெறும் மண்ணா கிடக்க வேணாம்னா குளிருக்கு ரை புல்லு போட்டுக்கலாம், ஆனா சூடு வர ஆரம்பிச்சதும் அதை ஒட்ட வெட்டி எடுத்துடணும், இல்லன்னா அதோட நிழல்ல மண்ணு சூடேறவும் லேட்டாகும், புது விதைக்கு வெளிச்சமும் கிடைக்காது.