தாத்தாவின் சவரக்கத்திக்குப் புது மரப்பிடி

பழைய மடக்குச் சவரக்கத்தியின் பிடி உடைந்துவிட்டதா? தூக்கிப் போடாதீர்கள், மரத்தில் புதிதாகச் செய்துவிடலாம். எங்கள் குன்னூர் ஈரத்துக்குப் பச்சை மரம் வளைந்துவிடும், அதனால் உடைந்த ஈட்டி மர நாற்காலிச் சட்டம் மாதிரி நன்றாகக் காய்ந்ததையே எடுங்கள். முதலில் கத்தியின் கூர்ப் பக்கத்தில் டேப் சுற்றுங்கள், இதை மறக்கவே கூடாது. 3 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு பட்டைகள், இரண்டையும் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி ஒன்றாகவே துளையிட்டால்தான் ஓட்டைகள் நேராக அமையும். பிடியின் வால் பக்கம், அதாவது கத்தி மாட்டாத முனையில், இரண்டு பட்டைகளுக்கும் நடுவில் சின்ன ஆப்பு வேண்டும். கத்தி மடங்கும்போது கூர் மரத்தில் உரசாமல் நட்டநடுவில் இறங்குகிறதா என்று பாருங்கள். ஆளிவிதை எண்ணெயை உள்பக்கமும் பூசி, சரி, காய்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகே பித்தளைக் கம்பியை ஓட்டைகளில் வாஷரோடு செருகி, அதன் நுனியைச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் மரம் பிளந்துவிடும்.