பெட்ரோல் முள் சரியாகக் காட்டவில்லையா? டேங்கைத் திறக்கும் முன் இதைப் பாருங்கள்

டேங்க் நிரப்பியும் முள் முக்காலைத் தாண்டுவதில்லை. வளைவில் திரும்பினால் சரிகிறது. ஒரு நாள் ஒழுங்காகக் காட்டிவிட்டு மறுநாள் படுத்துவிடுகிறது. இப்படி ஆனதும் பலர் முதலில் கைவைப்பது டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்க்கும் யூனிட்டில்தான். கோளாறு அங்கே இல்லையென்றால் செலவும் தண்டம், பெட்ரோல் டேங்கைத் திறந்த ஆபத்தும் தண்டம். ஃப்யூஸ், எர்த் (வண்டியின் உலோக உடலோடு சேரும் நெகட்டிவ் இணைப்பு), ஒயர், மீட்டர் எல்லாம் பார்த்த பிறகுதான் டேங்க்.

உள்ளே இருப்பது எளிய அமைப்புதான். மிதவை ஏறி இறங்க, அதன் கம்பியோடு சேர்ந்த தொடுமுனை ஒரு ரெசிஸ்டர் பட்டையின் மேல் உரசி நகர்கிறது. அங்கே கிடைக்கும் மின்தடையை, அதாவது ஓம் அளவைத்தான் முள் காட்டுகிறது. இந்த அளவு வண்டிக்கு வண்டி வேறு. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் காலி 0, முழு டேங்க் 90 ஓம். பழைய ஃபோர்டில் காலி 73, முழு 10. தனியாக வாங்கிப் பொருத்தும் மீட்டர்களில் இதே காலி-முழு வரிசையில் 240-33 என்றும், விடிஓ நிறுவன வகையில் 10-180 என்றும் வரும். உங்கள் வண்டி எந்த வகை என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். யூனிட் ஒரு வகை, மீட்டர் வேறு வகை என்று சேர்ந்துவிட்டால் என்ன செய்தாலும் முள் சரியாகாது.

டெம்பரேச்சர் முள்ளும் கூடவே கோளாறு செய்கிறதா? அப்படியானால் டேங்கை மறந்துவிடுங்கள். பழைய வண்டியில் இரண்டு மீட்டருக்கும் பொதுவான வோல்டேஜ் ரெகுலேட்டரையும், புதியதில் கிளஸ்டரின் (மீட்டர்கள் எல்லாம் சேர்ந்த பலகையின்) ஃப்யூஸ், எர்த் இரண்டையும் பாருங்கள்.

பெட்ரோல் முள் மட்டும் தகராறு செய்தால் டேங்க் அருகே கனெக்டரைக் கழற்றி, மீட்டருக்குப் போகும் ஒயரை எர்த்தில் தொடவைத்துப் பார்க்கலாம். 240-33 வகையில் எர்த் செய்தால் முள் முழுதுக்கும், கழற்றிவிட்டால் காலிக்கும் போக வேண்டும். 0-90 வகையில் இது அப்படியே தலைகீழ். சூட்டில் வளையும் தகடு உள்ள பழைய மீட்டரில் முள் மெதுவாகத்தான் நகரும். அதை நேரடியாக எர்த் செய்யாமல் இடையில் 10 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். இரண்டு பக்கமும் முள் ஒழுங்காகப் போனால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன. கோளாறு யூனிட்டிலோ அதன் எர்த்திலோதான். முள் அசையவில்லை என்றால் அதே சோதனையை டேஷ்போர்டு பின்னால் செய்யுங்கள். அங்கே அசைந்தால் நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது.

அளவைக் கம்ப்யூட்டர் படிக்கும் புதிய வண்டிகளில் இப்படி எர்த் செய்யாதீர்கள். ஸ்கேனர் போட்டு பி0460 முதல் பி0464 வரை ஏதாவது எரர் கோட் இருக்கிறதா என்று பாருங்கள். பி0462 சிக்னல் குறைவு, பி0463 சிக்னல் அதிகம், பி0464 விட்டுவிட்டு வரும் கோளாறு.

அடுத்தது எர்த். அதிகம் ஏமாற்றுவது இதுதான், ஏனென்றால் ஒரே கோளாறு இரண்டு விதமாகத் தெரியும். துருப்பிடித்த எர்த்தில் 10 ஓம் கூடுதலாகச் சேர்ந்தது என்று வையுங்கள். 240-33 வகையில் முழு டேங்க் 43 ஓமாகத் தெரியும், முள் மேலே எட்டாது. 0-90 வகையில் காலி டேங்கே 10 ஓம் காட்டும். ஒன்பதில் ஒரு பங்கு மிச்சம் இருப்பதுபோல் தோன்றும், வண்டி நடுவழியில் நின்றுவிடும். யூனிட்டின் எர்த் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை தற்காலிகமாக ஒரு ஒயர் இழுங்கள். இணைப்புப் பொறி டேங்க் அருகே வராதபடி, ஒயரின் பேட்டரி முனையைக் கடைசியில் மாட்டுங்கள். முள் திருந்தினால் பழைய எர்த் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினால் போதும். இன்ஜின் ஓடும்போது ஒரு அளவு, இக்னிஷன் மட்டும் போட்டால் வேறு அளவு என்றால் பம்பும் யூனிட்டும் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொண்டு, அது பலவீனமாக இருக்கலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் டேங்கைத் திறங்கள். பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இருக்கட்டும். பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் அழுத்தம் இறங்கும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். காற்றோட்டமான திறந்தவெளி, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இரண்டும் கட்டாயம். யூனிட்டை டேங்கில் பிடித்திருக்கும் லாக் ரிங்கைத் தட்ட மரக்கட்டையோ பித்தளைப் பஞ்ச்சோ போதும். இரும்பு உளி பொறி கிளப்பும்.

வெளியே எடுத்த யூனிட்டில் மல்டிமீட்டரை மாட்டி, கம்பியை மிக மெதுவாக நகர்த்துங்கள். ஓம் அளவு சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும்; எங்காவது தாவினாலோ அறுந்தாலோ பட்டை தேய்ந்திருக்கிறது. முள்ளுள்ள பழைய மல்டிமீட்டரில் இது நன்றாகத் தெரியும். டிஜிட்டல் பல தாவல்களை விழுங்கிவிடும். பெட்ரோலில் உள்ள கந்தகத்தால் வெள்ளித் தொடுமுனை கறுத்திருந்தால் கான்டாக்ட் கிளீனரும் பென்சில் ரப்பரும் போதும். உப்புத்தாள் வேண்டாம், பட்டையையே சுரண்டிவிடும். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் ஓட்டை. டேங்க் எவ்வளவு நிறைந்தாலும் முள் தாழ்வாகவே நிற்கும். அதில் சாலிடர் வைக்க முயலாமல் புதிதாக மாற்றுங்கள்.

மாட்டும்போது கேஸ்கெட் புதிதாகவே இருக்கட்டும், மிதவை டேங்க் சுவரில் உரசக் கூடாது. பிறகு ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில புதிய வண்டிகளில் பெட்ரோல் ஆடுவதால் முள் ஆடாமலிருக்க அளவை மெதுவாகவே மாற்றுவார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் இக்னிஷனை அணைத்துவிட்டு ஊற்றி, மீண்டும் போட்டுப் பாருங்கள். கடைசியில் டேங்கை முழுதாக நிரப்பி லாக் ரிங்கைச் சுற்றி விரலால் தடவுங்கள். ஈரமோ பெட்ரோல் வாடையோ இருந்தால் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை, கொஞ்சம் பெட்ரோலை இறக்கிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.