சவரக்கத்தி வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி, செய்தித்தாளில் சுற்றிய பழைய சவரக்கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் உள்ள எங்கள் வீட்டு மாடிக்கு வந்தார். "அண்ணே, கண்ணாடி மாதிரி இருக்குது பாருங்க, முகமே தெரியுது" என்று பிரித்துக் காட்டினார். முகம் தெரிந்தது உண்மைதான். எனக்குத்தான் மனம் கலங்கிவிட்டது, ஏனெனில் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இப்படி ஒரு கத்தியை இதே பெருமிதத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த ஆண்டில் மட்டும் பளபளக்கும் கத்தியோடு மாடிப்படி ஏறி வந்தவர்களில் இவர் நான்காமவர். கத்தியைச் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடிப்பது, நுரை காய்ந்த பிறகு இழுப்பது போன்ற பிழைகளை முகத்தில் விழும் முதல் கீறலே திருத்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பணத்தையும் மாதங்களையும் தின்கிற தவறுகள் வேறு சில உண்டு.

பளபளப்புக்கு விலை கொடுத்தல்

நான் வாங்கியது ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்ட, 6/8 அகலமுள்ள கத்தி. சவரக்கத்தியின் அகலத்தை அங்குலத்தை எட்டாகப் பகுத்துச் சொல்வது வழக்கம். 6/8 என்றால் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். பழம்பொருள் விற்பவர் ஒருவரிடம் 3,200 ரூபாய் கொடுத்தேன். அதன் பக்கத்திலேயே, அதே அகலத்தில், சாம்பல் நிறமேறி முதுகில் பழுப்புத் திட்டுகளோடு இன்னொரு கத்தி 900 ரூபாய்க்கு இருந்தது. அதை நான் கையில்கூட எடுத்துப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் 1000 எண் கல்லில் (எண் கூடக் கூடக் கல் நயமாகும்) தொடங்கி 5000, 8000, 12000 என்று படிப்படியாகத் தீட்டி, தோல் வாரில் அறுபது முறை இழுத்து, முகத்தில் வைத்தேன். ஒரு கன்னம் சுகமாக வழிந்தது. மறு கன்னத்துக்கு வருவதற்குள் கத்தியின் நடுப்பகுதி மயிரை வெட்டாமல் பிடித்து இழுக்கத் தொடங்கியது. பழுது என் கையில்தான் இருக்கும் என்று எண்ணி மறுபடியும் கல்லுக்குப் போனேன். அடுத்த வாரமும் போனேன். மூன்று மாதம் இப்படியே கழிந்தது. ஒவ்வொரு முறையும் கல் கொஞ்சம் எஃகைத் தின்றதுதான் கண்ட பலன்.

கடைசியில், பழைய வண்ணாரப்பேட்டையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சலூன் நடத்தி ஓய்ந்திருந்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அன்று காலையில் தீட்டி, பாதிச் சவரம் செய்து, அப்படியே கழுவி எடுத்துப்போன கத்தி அது. அவர் கட்டைவிரல் நகத்தைத் தண்ணீரில் நனைத்து, அதன்மேல் கத்தியின் வாயை வைத்து, எடையே கொடுக்காமல் அடியிலிருந்து நுனிவரை நகர்த்தினார். அடிப்பகுதி நகத்தை மெல்லக் கவ்விக்கொண்டு நகர்ந்தது. நடுவில் ஓர் அங்குல நீளத்துக்கு ஒன்றுமே இல்லாததுபோல் வழுக்கியது. நுனியில் மறுபடியும் கவ்வியது. பிறகு கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் லென்ஸை எடுத்துக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். நடுப்பகுதியில் கூர், வாடிய வாழையிலையின் ஓரம்போல ஒருபக்கமாகச் சுருண்டு கிடந்தது. "பதம் போயிடுச்சுப்பா. மெருகு போட்டவன் சூடு ஏத்திட்டான்" என்றார்.

நடந்தது இதுதான். சவரக்கத்தியின் எஃகைச் சிவக்கக் காய்ச்சி, தோய்த்துக் கடினமாக்கி, பிறகு ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய மிதமான வெப்பத்தில் மீண்டும் சூடேற்றிப் பதம் செய்கிறார்கள். அதற்குப் பின் எப்போது அந்த வெப்பத்தைத் தாண்டினாலும் எஃகு தன் கடினத்தை இழந்துவிடும். இருபக்கமும் உட்குழிவாகக் கடைந்த கத்தியில் வாயை ஒட்டிய பகுதி காகிதம்போல மெல்லியது. மோட்டாரில் சுழலும் மெருகுச் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் சில நொடிகளிலேயே அது எல்லையைத் தாண்டிவிடும். அப்படிச் சூடேறிய எஃகு முதலில் வைக்கோல் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், 300 டிகிரியை நெருங்கும்போது நீலமாகும். அந்த நிறம் மிஞ்சியிருந்தாலாவது வாங்குபவர் சுதாரித்துக்கொள்வார். எஃகைக் கெடுத்த அதே சக்கரம் அந்த நிறத்தையும் துடைத்துவிட்டு, கேட்டைக் கண்ணாடிபோல மினுக்கிக் கையில் கொடுக்கிறது. என் எரிச்சல் முழுவதும் இங்கேதான். இழந்த பதத்தைக் கல்லாலும் வாராலும் மீட்க முடியாது. மீண்டும் காய்ச்சித் தோய்த்தால் அவ்வளவு மெல்லிய கத்தி பெரும்பாலும் முறுக்கிக்கொள்ளும்.

சக்கரம் செய்கிற இரண்டாவது கேடு முதுகில். சவரக்கத்தியைக் கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படிந்திருக்கும். ஆகவே கூரின் கோணத்தை முடிவுசெய்வது முதுகின் தடிமன்தான். 19 மில்லிமீட்டர் அகலத்துக்கு முதுகு 5.5 மில்லிமீட்டர் இருந்தால் கோணம் ஏறத்தாழ 16.5 டிகிரி வரும். மெருகு போட்டும் தேய்த்தும் முதுகில் ஒரு மில்லிமீட்டர் போய்விட்டால் அது 13.5 டிகிரிக்கு இறங்கி, கூர் மெலிந்து பொடிந்து உதிரும். முதுகு ஓரிடத்தில் கூடுதலாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் தேய்ந்திருந்தாலோ, கத்தியை எந்தக் கல்லிலும் சமமாகப் படிய வைக்க முடியாது.

ஆகவே கடையில் கத்தியைக் கையில் எடுத்தால் முதலில் பிடிக்குள் நுழையும் காம்பில் உள்ள முத்திரையைப் பாருங்கள். எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும். புழங்கித் தேய்ந்த பழைய நாலணாவில் இருப்பதைப்போல மழுங்கியிருந்தால் சக்கரம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. முதுகில், கல் பட்டுத் தேய்ந்த பட்டை இருபுறமும் ஒரே அகலத்தில், அடியிலிருந்து நுனிவரை ஒரே சீராக ஓட வேண்டும். கடைக்காரர் மேசையில் கண்ணாடி இருந்தால் கத்தியை அதன்மேல் படுக்க வைத்து விரல்நுனியால் மெல்லத் தொடுங்கள், ஆடினால் வைத்துவிடுங்கள். வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது கண்ணில் மினுக்கும் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு முறிவு அல்லது மழுங்கல். வாயின் கோடு நடுவில் சற்றே புடைத்திருந்தால் பரவாயில்லை, உள்வாங்கியிருந்தால் வேண்டாம். முதுகிலும் உடலிலும் படிந்த சாம்பல் நிறமும் பழுப்பும் கேடு செய்வதில்லை. வாயை ஒட்டி ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் கருப்புப் புள்ளிகளுக்குத்தான் அஞ்ச வேண்டும், ஏனெனில் அவை துரு அரித்த குழிகள். தீட்டத் தீட்டக் கூரில் பொக்கையாகத் திறந்துகொண்டே வரும்.

சலூன் கத்தியை வைத்து முழுக்கத்தியை எடைபோடுதல்

இன்று நம் பகுதிச் சலூன்களில் பார்ப்பது, பிளேடைப் பாதியாக முறித்துச் செருகும் கத்தி. 1986-இல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. அதன் பிறகு வந்த விழிப்புணர்வில் ஆளுக்கொரு புதுப் பிளேடு என்ற வழக்கம் வேரூன்றியது நல்லதே. ஆனால் அந்தக் கத்தி லேசானது, அதன் கூர் கடுமையானது, சிறு பிசகையும் அது பொறுக்காது. அதில் வெட்டுப்பட்டுப் பயந்தவர்கள் பிளேடு செருகாமல் தன் வாயையே தீட்டிப் புழங்கும் முழுக்கத்தியும் அப்படித்தான் இருக்கும் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். முழுக்கத்திக்குக் கனம் உண்டு. கை அழுத்தாமலே அந்தக் கனம் வேலை செய்யும். பழைய கத்தி எதுவானாலும் கிருமி நீக்காமல் முகத்தில் வைக்காதீர்கள்; உங்கள் கத்தியை இன்னொருவரோடு பகிர்ந்து புழங்கவும் செய்யாதீர்கள்.

பெரிய கத்தியில் தொடங்குதல்

முதல் கத்தி 5/8 அல்லது 6/8 அகலமும், பாதிக் குழிவும் (பக்கங்களை மிக ஆழமாகக் கடையாதது), உருண்ட நுனியும் உடையதாக இருக்கட்டும். 8/8 கத்தி மூக்குக்கடியில் நுழையாது. சதுர நுனி காது மடலைப் பதம் பார்க்கும்.

ஊர்ப்பெயரை மட்டும் நம்புதல்

சோலிங்கன் என்பது ஊரின் பெயர். ஒரே கம்பெனியின் பெயரென்று பலர் நினைக்கிறார்கள். 1938 முதல் அந்தப் பெயருக்கு ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு உண்டு என்றாலும், அந்த ஊரில் மிகச் சிறந்த பட்டறைகளும் இருந்தன, மலிவாகச் செய்து தள்ளிய பட்டறைகளும் இருந்தன. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர், சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா ஆகிய ஊர்களுக்கும் இது பொருந்தும். ஊர்ப்பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன் முதுகைப் பாருங்கள்.

தெருச் சாணை

கொடுக்காதீர்கள். அந்தச் சக்கரம் அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் உரியது.

செல்லுலாய்டுப் பிடியைக் கவனியாமல் விடுதல்

ஆமை ஓடுபோலவும் தந்தம்போலவும் தோன்றும் பழைய பிடிகளில் பல செல்லுலாய்டால் ஆனவை. அது முதுமையில் சிதையத் தொடங்கும்போது அமில ஆவியை வெளியிடும். பிடிக்குள் மடங்கியிருக்கும் கத்தி அந்த இடத்தில் துருப்பிடிக்கும், அதே பெட்டியில் உள்ள மற்றக் கத்திகளுக்கும் அது பரவும். கற்பூர வாசனை தூக்கலாக வீசினாலோ, பிடியில் வெடிப்பும் கலங்கலும் கண்டாலோ, கத்தி புதிதாகவே தோன்றினாலும் தனியே வையுங்கள். கொம்பும் கருங்காலியும் இந்த வேலையைச் செய்வதில்லை.

ஒன்றே போதும் என்பதும், ஒரே நாளில் ஏழு வாங்குவதும்

என்னிடம் பதினொரு கத்திகள் இருக்கின்றன. வீட்டில் இருப்பது ஒரே முகம்தானே என்று என் மனைவி கேட்டதுண்டு. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இருக்கிறது. ஐரோப்பாவில் வாரத்துக்கு ஏழு கத்திகளை ஒரே பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமையின் பெயரைப் பொறித்து விற்றார்கள். பயன்படுத்திய கத்தியைச் சில நாள் விட்டு வைத்தால் நன்றாக வெட்டும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. காசிமேட்டுக் கடற்காற்று வீசும் எங்கள் வீட்டில் நான் கண்ட பயன் வேறு: ஈரம் முழுக்க உலர ஒவ்வொரு கத்திக்கும் நாள் கிடைக்கிறது, ஒன்று மழுங்கினால் இன்னொன்று காத்திருக்கிறது, நாலைந்தை ஒன்றாகச் சேர்த்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீட்டிவிடலாம். ஒரு வாரத் தாடிக்கு ஆப்புபோலக் கனத்த ஷெஃபீல்டு கத்தி ஏற்றது. நாள்தோறும் மழிப்பவருக்கு, வழிக்கும்போதே மெல்ல ஒலிக்கிற முழுக்குழிவுக் கத்தி. மீசை ஓரம் ஒதுக்க 4/8.

பிறகு வரலாறு இழுக்கத் தொடங்கும். 'வி.ஆர்.' என்ற முத்திரை இருந்தால் அது விக்டோரியா அரசி ஆண்ட 1837-க்கும் 1901-க்கும் இடைப்பட்டது. செய்த நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டுமென்று அமெரிக்கா 1890-இல் ஒரு வரிச்சட்டத்தில் விதித்ததால், அந்தச் சந்தைக்குப் போன கத்தியில் 'ஜெர்மனி' என்று இருந்தால் அது பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் நாட்டு வூட்ஸ் எஃகை ஆராய்ந்து, வெள்ளி சேர்த்தது உட்படக் கலப்பு எஃகுகளைச் செய்து பார்த்தார்கள் என்று படித்த நாளிலிருந்து, 'சில்வர் ஸ்டீல்' என்று பொறித்த ஷெஃபீல்டு கத்தியை எடுக்கும்போதெல்லாம் நமக்கும் அதில் ஒரு பங்கு இருப்பதாகவே எனக்குத் தோன்றும். ஆனால் முதல் கத்தியைக் கல்லில் படிய வைக்கக் கற்கும் முன் இரண்டாவதை வாங்காதீர்கள். ஏழு மழுங்கிய கத்திகளை வைத்துக்கொண்டு சலூனுக்குப் போகிறவர்களை எனக்குத் தெரியும்.

குளியலறையில் வைத்தல்

துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, வேறு அறையில் வையுங்கள்.

வாருக்குப் பணம் ஒதுக்காமல் விடுதல்

தண்டையார்பேட்டைத் தம்பியின் கத்தியை மேசைக் கண்ணாடிமேல் படுக்க வைத்தபோது நுனிப்பக்கம் ஆடியது. "வார் வச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன். கையிலிருந்த பணம் முழுவதும் கத்திக்கே போய்விட்டதாம். ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் கத்தி வாரில் ஏற வேண்டும். முதுகு முன்னே செல்ல, வாய் பின்னால் இழுபட, திரும்பும் இடத்தில் முதுகின்மேலேயே புரள வேண்டும். அது இல்லாமல் எந்தக் கத்தியும் சில நாளுக்கு மேல் தாங்காது. என் பெட்டியிலிருந்த 5/8 கத்தி ஒன்றைக் கிருமி நீக்கி, தீட்டி, அவருக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். இடது தாடையில் ஒரு சிறு கீறல், கையில் புது வார்.