அபார்ட்மெண்ட் எஸ்டிபியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கத்து அபார்ட்மெண்ட்களில் அசோசியேஷன் கூட்டம் நடந்தால், எஸ்டிபி என்கிற கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கரண்ட் பில் பற்றிய பேச்சு வராமல் போகாது. "ராத்திரி புளோயரை நிறுத்திவிட்டால் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். பல எஸ்டிபிகளின் கெட்ட காலம் அங்கேதான் தொடங்குகிறது.

புளோயர் காற்றை ஊதும் ஏரேஷன் டேங்கில் கழிவைத் தின்று தீர்ப்பது பாக்டீரியா. அதற்கு இரவிலும் காற்று வேண்டும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்காவது ஆக்ஸிஜன் கரைந்திருப்பது நல்லது. புளோயர் மணிக்கணக்கில் நின்றால் பாக்டீரியா நிறைந்த கசடு அடியில் படிந்து, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். ஒரே டேங்கில் கட்டம் கட்டமாகச் சுத்திகரிக்கும் எஸ்பிஆர் முறையில் காற்றை இடையிடையே நிறுத்துவது உண்டு, ஆனால் அது அந்த வடிவமைப்பிலேயே கணக்கிட்டு வைத்தது. பில் குறைய வேண்டுமானால் ஆக்ஸிஜனை அளந்து பார்த்து புளோயர் வேகத்தைக் குறைக்கலாம். காற்றைச் சிறு குமிழ்களாக நீருக்குள் விடும் டிஃப்யூசர் அடைத்துப்போயிருந்தால் அதை மாற்றினாலும் பலன் தெரியும்.

அடுத்தது கசடு. சிலர் மாதக்கணக்கில் எடுப்பதே இல்லை. சிலர் நாற்றம் வந்ததும் டேங்கர் லாரியை அழைத்து ஏரேஷன் டேங்கையே காலி செய்துவிடுகிறார்கள். இதுதான் ரொம்ப மோசம். பாக்டீரியா மொத்தமும் லாரியில் போய்விடும், திரும்ப வளர வாரக்கணக்காகும்.

எவ்வளவு எடுப்பது என்று ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியே சொல்லிவிடும். புளோயர் ஓடும்போது ஏரேஷன் டேங்க் நீரை அதில் மொண்டு 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். பழுப்புக் கசடு 200 முதல் 400 மில்லிக்குள் படிந்து, மேலே தெளிந்த நீர் நின்றால் சரி. நாளுக்கு நாள் அளவு ஏறினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசடை வெளியேற்றுங்கள். 100 மில்லிகூட இல்லையென்றால் அதைத் தொடவே வேண்டாம். ஆபரேட்டர் தினமும் இதைக் குறித்து வைக்கிறாரா என்று கேளுங்கள்.

பாதி வீடுகள் காலியாக இருக்கும் புதுக் கட்டடத்தில் பாக்டீரியாவுக்குத் தீனி போதாது. அங்கே முழுத் திறனுக்கும் எஸ்டிபியை ஓட்டிவிட்டு, ஏன் கசடே சேரவில்லை என்று பார்ப்பதில் பயனில்லை. இரண்டு டேங்க் இருந்தால் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள். காலை 6 முதல் 9 மணி வரை வரும் வெள்ளத்தை ஈக்வலைசேஷன் டேங்கில் தேக்கி, நாள் முழுக்க ஒரே சீராக அனுப்புங்கள்.

வீட்டிலிருந்து எண்ணெய், ஆசிட், நாப்கின் எதுவும் வரக் கூடாது. நாற்றம் போக ஏரேஷன் டேங்கில் பிளீச்சிங் பவுடர் கொட்டுவது பாக்டீரியாவைக் கொல்லும் வேலை. குளோரினுக்கு இடம் சுத்திகரிப்பு முடிந்த பிறகுதான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, யாரையும் டேங்குக்குள் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்குக்கு நாற்றமே தெரியாது, சில மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். ஆபத்தான முறையில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. மோட்டார் பழுதானால் மேலேயே தூக்கிச் சரிசெய்யும்படி சங்கிலியும் கைடு ரெயிலும் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.